கரிசல் காட்டில் கைபேசித் தலைமுறைகள்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடுத்தடுத்த வட்டங்கள். ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். கரிசல் மண், மானாவாரிப் பருத்தி, சோளம், கம்பு, மல்லி, மிளகாய், இடையிடையே சீமைக் கருவேலங்காடு. அருப்புக்கோட்டையில் தறியும் நூற்பாலையும் உண்டு. திருச்சுழியில் குண்டாறு மழை பெய்தால் ஓடும்.

கைபேசிச் சந்தையின் வரலாற்றை எழுதுவோர் 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி என்று ஆண்டுவாரியாகப் படிக்கட்டு கட்டுவது வழக்கம். இவ்வட்டாரத்துக்கு அந்தப் படிக்கட்டு பொருந்தாது. இங்கே ஒரு தலைமுறை தொடங்குவது அலைக்கற்றை ஏலம் முடிந்த நாளில் அன்று, கோபுரம் எழுந்த நாளிலும் அன்று. அதற்கேற்ற கருவியின் விலை கூலிக்கு எட்டும் நாளில்தான் அது தொடங்குகிறது.

கைபேசிக்கு முன்

வறண்ட நாட்டுக்கென்றே ஒரு தொலைத்தொடர்புக் கருவி செய்யப்பட்டது என்றால் அது சி-டாட் நிறுவனத்தின் ஊரக இணைப்பகம்தான். சாம் பித்ரோடாவின் முயற்சியில் 1984இல் தொடங்கிய அந்நிறுவனம், 128 இணைப்புகள் கொண்ட சிறு இணைப்பகத்தை வடிவமைத்தது. வெளிநாட்டு இணைப்பகங்களுக்குக் குளிரூட்டிய அறை வேண்டும்; இதற்கு வேண்டாம். வெயிலையும் தூசியையும் அது தாங்கியது. ஊர்தோறும் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. கடைகள் பெருகியதற்கு இத்தகைய இணைப்பகங்களே அடித்தளம்.

அடுத்த முயற்சி சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து வந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 1990களில் உருவாக்கிய 'கார்டெக்ட்', கம்பியில்லாமல் வீட்டுக்குத் தொலைபேசியும் இணையமும் கொடுக்கும் அமைப்பு. 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் இதைக் கொண்டு இணைய மையங்கள் திறக்கப்பட்டன. மின்னஞ்சல், அரசு விண்ணப்பங்கள், கண் மருத்துவமனைக்கு நோயாளியின் கண்ணைப் படமெடுத்து அனுப்புதல் என்று பலவும் அங்கே நடந்தன. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். பின்னர் மையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. தொழில்நுட்பம் மோசமானதால் அது தோற்கவில்லை என்பது என் கருத்து. உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்ற ஜி.எஸ்.எம். கருவிகளின் விலைச் சரிவோடு, ஓர் ஆய்வகத்தில் பிறந்த கருவியால் போட்டியிட முடியவில்லை.

கூலிக்கு எட்டிய 2ஜி

இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. அதே ஆண்டு சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. ஆகியவை சேவையைத் தொடங்கின. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வரும் அழைப்புக்கும் காசு. 1999இன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, உரிமக் கட்டணத்துக்குப் பதில் வருவாயில் பங்கு என்று மாற்றிய பிறகே கட்டணம் இறங்கியது. அதே ஆண்டில்தான் ஏர்செல் தமிழ்நாட்டில் கால் பதித்தது. 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். கைபேசிச் சேவைக்கு வந்தது. 2003 மே முதல் வரும் அழைப்பு இலவசமானது.

இந்தக் கடைசி மாற்றம் வறண்ட ஊர்களுக்குப் பெரிது. மழை பொய்த்தால் திருப்பூருக்கோ கோவைக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போகும் குடும்பங்களில், ஊரில் இருப்பவர் காசு செலவழிக்காமல் பேச முடிந்தது. 'மிஸ்டு கால்' ஒரு பொது மொழியானது.

அதே 2003இல் நோக்கியா 1100 வந்தது. தூசி புகாத விசைப்பலகை, கையில் வழுக்காத உடல், உச்சியில் டார்ச் விளக்கு. உலகில் 25 கோடிக்கும் மேல் விற்ற கருவி அது. கரிசல் புழுதியிலும் இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போதும் எது பயன்படும் என்று யாரோ யோசித்துச் செய்திருந்தார்கள். நோக்கியாவின் திருப்பெரும்புதூர் ஆலையில் 2006இல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தனர், பெரும்பாலோர் இளம்பெண்கள்.

அடுத்துச் சந்தையை ஆண்டது மின்வெட்டு. 2008 முதல் 2012 வரை தமிழ்நாட்டுக் கிராமங்கள் நாளில் பல மணி நேரம் இருளில் கிடந்தன. 2008இல் மைக்ரோமேக்ஸ் கொண்டுவந்த ஒரு கைபேசியின் ஒரே பெருமை, ஒருமுறை மின்னேற்றினால் 30 நாள் காத்திருக்கும் என்பது. இரண்டு சிம், பெரிய ஒலிபெருக்கி, பண்பலை வானொலியோடு சீனக் கருவிகளும் குவிந்தன. அவற்றில் பலவற்றுக்கு ஐ.எம்.இ.ஐ. என்னும் அடையாள எண் கிடையாது. 2009 டிசம்பர் 1 முதல் எண்ணில்லாத கருவிகளுக்குச் சேவை துண்டிக்கப்படும் என்று அரசு அறிவித்தது. அதற்கு முன் 199 ரூபாய் கட்டி எண் பதிந்துகொள்ள ஏற்பாடு இருந்தது. மலிவு என்பதற்காக வாங்கியவர்கள்தாம் இதில் முதலில் மாட்டிக்கொண்டவர்கள்.

தாவிப்போன 3ஜி, வந்துசேர்ந்த 4ஜி

3ஜி குறித்து அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2010 ஏலத்தில் அரசுக்கு 67,719 கோடி ரூபாய் கிடைத்தது. அத்தொகையை மீட்க நிறுவனங்கள் வைத்த கட்டணமும், 3ஜி கருவியின் விலையும் சேர்ந்து அதை நகரத்துப் பொருளாகவே வைத்திருந்தன. இடையில் ஆண்ட்ராய்டு அலையில் நோக்கியா சரிந்தது. வரி வழக்கில் சிக்கிய திருப்பெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது ஒரு புதுச் சிக்கலும் வந்தது. ஜியோவிடம் 2ஜி கிடையாது. குரல் அழைப்பே 4ஜி வழியாகத்தான். எனவே சிம் இலவசமாகக் கிடைத்தாலும் பழைய பட்டன் போனில் அது வேலை செய்யாது. வலைப்பின்னல் கருவியை முந்திவிட்டது. கருவியை அது பின்னால் இழுக்க வேண்டியதாயிற்று. 2017இல் 1,500 ரூபாய் வைப்புத் தொகைக்கு அறிவிக்கப்பட்ட ஜியோபோன் அதற்கான விடை: பார்வைக்குப் பட்டன் போன், உள்ளே 4ஜி. 2018 தொடக்கத்தில் ஏர்செல் திவாலாகித் தமிழ்நாட்டில் அதன் சேவை அற்றுப்போனது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற மக்கள் அலைந்ததும் பலரை 4ஜி பக்கம் தள்ளியது.

5ஜி: அலைவரிசையும் விலையும்

இந்தியாவில் முதல் 5ஜி திறன்பேசி 2020 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 5ஜி சேவையோ 2022 அக்டோபர் 1 அன்றுதான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் வாங்கிய சில கருவிகள் ஒன்றிரண்டு 5ஜி அலைவரிசைகளை மட்டுமே ஏற்றன. சேவை வந்தபின்னும் பல கருவிகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏர்டெல் முதலில் தொடங்கிய 8 நகரங்களில் சென்னையும் ஒன்று. நகரத்தில் வேகம் கொடுப்பது 3300 மெகாஹெர்ட்சு அலைவரிசை; ஆனால் அது நெடுந்தூரம் போகாது. ஊர்கள் தள்ளித் தள்ளி அமைந்த சமவெளிக்கு ஏற்றது 700 மெகாஹெர்ட்சு. 2022 ஏலத்தில் அதை வாங்கியது ஜியோ மட்டுமே. ஆகவே இப்பகுதியில் 5ஜி கைபேசி வாங்குவோர் பெட்டியில் 5ஜி என்ற எழுத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், 700 மெகாஹெர்ட்சைக் குறிக்கும் 'என்28' அலைவரிசை இருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது.

விலை இறங்கியிருப்பது உண்மை. 5ஜி கைபேசி 10,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. 2024இன் முதல் பாதியில் இந்தியா அமெரிக்காவை முந்தி உலகின் இரண்டாவது பெரிய 5ஜி கைபேசிச் சந்தையானதாகக் கவுண்டர்பாயிண்ட் ஆய்வு நிறுவனம் கணித்தது. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2024-25இல் 1,465 கோடி டாலர். அதில் பெரும்பங்கு ஃபாக்ஸ்கான் போன்ற ஆலைகளில் செய்யப்படும் ஐபோன்களால் வருவது.

ஆனால் இதைக் கூலியால் வகுத்துப் பார்க்க வேண்டும். 2023-24இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் அதிகபட்ச நாட்கூலி 294 ரூபாய். 10,000 ரூபாய் என்பது 34 நாள் கூலி. 2020 ஏப்ரலில் கைபேசிக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்ததையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த 4ஜி ஜியோபாரத் பட்டன் போனோ மூன்றரை நாள் கூலி.

பணித்தளத்தில் ஒரு திறன்பேசி

இந்தக் கணக்கு வெறும் கணக்காக இல்லாத இடம் நூறு நாள் வேலைத் தளம். மானாவாரி ஊர்களில் கண்மாய், வரத்துக்கால் வேலைகள் பெரும்பாலும் அத்திட்டத்தில் நடந்தன. 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு கைபேசிச் செயலி வழியாக மட்டுமே என்று ஆனது. பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இருமுறை, இடக்குறிப்போடு தொழிலாளர்களைப் படமெடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் பிறகு ஏற்றலாம். படம் ஏறாவிட்டால் வருகையில்லை, வருகையில்லாவிட்டால் கூலியில்லை. பொறுப்பாளரும் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்தான். சொந்தக் காசில் கைபேசி வாங்கவேண்டியிருக்கிறது என்ற முறையீடு நாடெங்கும் எழுந்து, டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டமாகவும் நடந்தது. வேலை வாங்கும் அரசு, கருவியின் செலவை வேலை செய்பவர் தலையில் வைத்ததற்கு ஏற்கத்தக்க காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. ஏர்டெல் 2020 வாக்கில் தன் 3ஜி சேவையை மூடிவிட்டது, 2ஜியை மூடவில்லை. முன்னே பிறந்தது பின்னே பிறந்ததைவிட நீண்டு வாழ்கிறது. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறும்போது, அந்தக் குறுஞ்செய்தியை வாங்க 5ஜியும் வேண்டாம், 4ஜியும் வேண்டாம். பழைய பட்டன் போனில் அது வந்து நிற்கும். படித்துக் காட்டப் பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளை இருந்தால் போதும்.