அடிவாரத்து வேடங்கள்

சேர்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த சேலம், வேடம் புனைதலுக்குப் பேர்பெற்ற நகரம். ஏற்காடு செல்லும் சாலையோரத்தில் நிற்கும் பழைய நுழைவாயில், 1930களில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் எச்சமாகும். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அந்நிறுவனத்திலிருந்தே வெளிவந்தது. ஆயினும், அது ஊதியத்துக்காகப் பூண்ட வேடம்.

அதே நகரின் குகைப் பகுதியில், ஆடித் திருவிழாவின்போது நடைபெறும் ‘வண்டி வேடிக்கை’ வேறு வகையினது. அங்கே ஊர் மக்களே புராண மாந்தராய் ஒப்பனை புனைந்து, அலங்கரித்த வண்டிகளில் உலா வருவர். வேடம் கலைந்ததும் தத்தம் தொழிலுக்குத் திரும்புவர். இவர்களைப் போன்று, நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாது வேடம் பூண்டோர் நம் சமுதாயத்திலும் இருந்தனர் என்பதை இன்றைய இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

ஏலூரைச் சேர்ந்த ஜாஃபர் ஷரீஃப் என்பார் தென்னக முஸ்லிம்களின் வழக்கங்களைத் தக்கனி மொழியில் எழுதித் தொகுத்தார். சென்னை மாகாண மருத்துவராயிருந்த ஹெர்க்லாட்ஸ் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1832இல் லண்டனில் ‘கானூனே இஸ்லாம்’ என வெளியிட்டார். முஹர்ரம் நாட்களில் மக்கள் பூண்ட பக்கீர் வேடங்கள் அந்நூலில் விரிவாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. மஜ்னூனாகத் திரிந்தவர் உண்டு. ஜோகியாக அலைந்தவர் உண்டு. வட்டிக்காரனாக வேடமிட்டு நகைக்க வைத்தவரும் உண்டு. இவர்கள் தலைவரும் கீழ்ப்பதவியாளரும் அமைந்த கூட்டங்களாய் இயங்கினர். தமிழகத்தில் முஹர்ரம் புலிவேடமும் பெயர்பெற்றிருந்தது. நேர்ந்துகொண்டு அவ்வேடமிட்ட இந்து அன்பர்களும் உண்டு.

ஹிஜ்ரி 61இல் கர்பலாவில் இமாம் ஹுஸைன் (ரலி) அவர்கள் ஷஹீதான துயர நாளைக் கேளிக்கையாக்குதல் தகாது என மார்க்க அறிஞர் பலர் கண்டித்தனர். காலப்போக்கில் அவ்வேடங்கள் பல ஊர்களில் அருகின. அக்கண்டனத்தில் நியாயம் உண்டு.

எனினும், வேடம் பூணும் வேட்கை மனித இயல்பினின்று அகலவில்லை. 1982இல் இங்கிலாந்தின் செஷயரிலுள்ள பெக்ஃபோர்டன் கோட்டையில் ‘ட்ரெஷர் ட்ராப்’ என்னும் விளையாட்டு தொடங்கியது. அதில் கலந்துகொண்டோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் உடைதரித்து, தாம் ஏற்ற பாத்திரமாகவே சில மணிநேரம் வாழ்ந்தனர். அதற்கு எழுதிவைத்த உரையாடல் இல்லை. பார்வையாளர் கூட்டமும் இல்லை. இவ்வகை விளையாட்டு இன்று உலகின் பல நாடுகளில் பொழுதுபோக்காக விளங்குகிறது. பிறனொருவனாய்ச் சிறிது நேரம் வாழ்ந்து பார்ப்பதில் கிட்டும் இன்பமே அவர்களை ஈர்க்கின்றது. வட்டிக்காரனாய் வேடமிட்ட நம் முன்னோனும் அவ்வின்பத்தை அறிந்தவனே!

வழக்கத்தைக் கைவிடுவது வேறு. அதன் வரலாற்றைத் தொலைப்பது வேறு. ஜாஃபர் ஷரீஃப் எழுதிவைத்திராவிடின் அப்பக்கீர் வேடங்களின் பெயர்களும் நமக்குக் கிட்டியிரா. தத்தம் ஊரில் முஹர்ரம் எவ்வாறு நடைபெற்றது என்பதை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் கூறுவதைக் கேட்டு எழுதிவைப்பது, அவ்வழக்கத்தை ஏற்பாருக்கும் மறுப்பாருக்கும் பொதுவான கடமையாகும்.