தொப்பிச் சின்னம் சொல்லும் சாட்சியம்: சிங்கப்பூரின் போர்க்காலப் புகைப்படங்களை வாசித்தல்

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் பழைய ஆல்பங்களில் ஒரே வகையான புகைப்படம் ஒன்று இருப்பதுண்டு. காக்கிச் சட்டை அணிந்த இளைஞர் ஒருவர் நிமிர்ந்து நிற்பார். தலையில் படகு வடிவத் தொப்பி. அதில் மங்கலாக ஒளிரும் ஒரு புள்ளி. “தாத்தா பட்டாளத்தில் இருந்தார்” என்பதற்கு மேல் குடும்பத்தாருக்கு வேறொன்றும் தெரிந்திராது. எந்தப் பட்டாளம் என்ற வினாவுக்கு விடை, நகத்தளவே உள்ள அந்தப் புள்ளியில் அடங்கியிருக்கலாம். 1941 டிசம்பரிலிருந்து 1945 செப்டம்பர் வரையிலான குறுகிய காலத்தில் இந்நகரில் பிரிட்டிஷாரும், ஆஸ்திரேலியரும், பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தினரும், ஜப்பானியரும், இந்திய தேசிய இராணுவத்தினரும் சீருடையில் நடமாடினர். மகுடத்துக்காகப் போரிட்டவரும் மகுடத்தை எதிர்த்துப் போரிட்டவரும் ஏறத்தாழ ஒரே காக்கியை உடுத்தியிருந்தனர். சின்னத்தைத் தவறாக வாசித்தால் ஒருவரை அவர் எதிர்த்த படையிலேயே சேர்த்துவிடுவோம்.

முதலில் பார்க்கவேண்டியது மகுடம். பிரிட்டிஷ் படைச் சின்னங்கள் பலவற்றின் உச்சியில் அரச மகுடம் இருக்கும். அதன் வடிவமே ஒரு கால அளவுகோல். 1901க்குப் பின் ஆண்ட மன்னர்களின் காலத்தில், அதாவது 1952 வரை, மகுடத்தின் வளைவுகள் மேல்நோக்கிக் குவிந்து கவிகை போல் நிற்கும். இரண்டாம் எலிசபெத் அரசியார் காலத்தில் வந்த மகுடத்தில் அவ்வளைவுகள் நடுவில் சற்றே அழுந்தி இரு தோள்கள் போல் தோன்றும். ஆகவே, ‘1942’ என்று குறிப்பெழுதப்பட்ட புகைப்படத்தில் நடுவில் அழுந்திய மகுடம் தெரிந்தால், அக்குறிப்பு தவறு என்று தயங்காமல் சொல்லலாம். அப்படம் 1950களில், மலாயா அவசரகாலத்தின்போதோ அதற்குப் பின்னரோ எடுக்கப்பட்டதாக இருக்கும். மகுடமே இல்லாவிட்டால் ஆய்வு இன்னும் சுவையாகிறது. இந்தியச் சமஸ்தானங்களின் படைகளும் மலாயாவுக்கு வந்திருந்தன. ஜிந்த், கபூர்தலா, பகவல்பூர், ஹைதராபாத், மைசூர் ஆகியவற்றின் வீரர்கள் தத்தம் சமஸ்தான முத்திரையை அணிந்தவர்கள். மைசூரின் முத்திரை கண்டபேருண்டம் என்னும் இருதலைப் பறவை. தென்னிந்தியக் கோயில் தூண்களில் அதைக் கண்டு பழகிய நம் கண்ணுக்கு அது எளிதில் அகப்படும்.

பிரிட்டிஷ் இந்திய இராணுவச் சிப்பாய்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. தலைப்பாகை அணிந்த சிப்பாய் பொதுவாக அதில் உலோகச் சின்னம் அணிவதில்லை. அவருடைய படைப்பிரிவைச் சொல்வது தோள்பட்டையில் பொருத்தப்பட்ட பித்தளை எழுத்துகள்தாம். 1922ஆம் ஆண்டுச் சீரமைப்புக்குப் பின் ரெஜிமெண்டுகளுக்கு எண்கள் இடப்பட்டமையால் எண்ணும் சுருக்கெழுத்தும் சேர்ந்தே அவ்வெழுத்துகளில் அமைந்திருக்கும். 14, 16 ஆகிய எண்களுக்குரியவை பஞ்சாப் ரெஜிமெண்டுகள். 17 தோக்ராக்களுக்கும், 18 கட்வாலியருக்கும், 19 ஹைதராபாத் ரெஜிமெண்டுக்கும் உரியவை. இவை யாவும் மலாயாப் போர்முனையில் இருந்தவை. தொப்பியில் சின்னத்தைத் தேடி ஏமாறும் மாணவர் பார்வையைச் சற்றுக் கீழிறக்கித் தோளைப் பார்க்கவேண்டும். எண்ணில் ஒன்று தெளிவாகத் தெரிந்தாலே போதும். பாதி வேலை முடிந்துவிடும்.

இங்கே தமிழர் எங்கிருந்தனர்? மதராஸ் ரெஜிமெண்டின் காலாட்படை பட்டாலியன்கள் 1920களில் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின் நடுவில்தான் மீண்டும் திரட்டப்பட்டன. எனவே 1942 பிப்ரவரிக்கு முன் சிங்கப்பூரில் எடுத்த படத்தில் உள்ள தமிழ்ச் சிப்பாய் அந்த ரெஜிமெண்டைச் சேர்ந்தவராக இருப்பது அரிது. அவர் பெரும்பாலும் மதராஸ் சாப்பர்ஸ் எனப்பட்ட பொறியாளர் படையிலோ, போக்குவரத்து, மருத்துவம் போன்ற துணைப்பிரிவுகளிலோ இருந்திருப்பார். பாலம் அமைப்பதும் பாலம் தகர்ப்பதும் சாப்பர்களின் தொழில். அவர்களுக்குப் படைவட்டாரத்தில் வழங்கிய செல்லப்பெயர் ‘தம்பி’ என்பது, இந்தச் சின்ன ஆராய்ச்சியின் நடுவே நமக்குக் கிடைக்கும் ஒரு சிறு மகிழ்ச்சி.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டியுள்ள ஃபேரர் பார்க் திடலில் இந்திய வீரர்கள் திரட்டப்பட்டனர். அவர்கள் ஏறத்தாழ 45,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைக்க, மேஜர் ஃபுஜிவாராவும் கேப்டன் மோகன் சிங்கும் உரையாற்றினர். ஃபுஜிவாராவின் அமைப்போடு சேர்ந்த இந்தியர்கள் அவர் பெயரின் முதலெழுத்தான ‘எஃப்’ பொறித்த கைப்பட்டை அணிந்திருந்தனர். ஒரு புகைப்படத்தில் அக்கைப்பட்டை தெரிந்தால், அது போரின் தொடக்க மாதங்களைச் சேர்ந்தது என்று துணியலாம்.

1942 செப்டம்பரில் முறைப்படி உருவான முதலாம் இந்திய தேசிய இராணுவம் அவ்வாண்டு இறுதியிலேயே குலைந்தது. ஜப்பானியரோடு முரண்பட்ட மோகன் சிங் கைதானபோது, அவர் முன்கூட்டியே விட்டுச்சென்ற ஆணையின்படி படை கலைக்கப்பட்டது. சின்னங்களும் ஆவணங்களும் எரிக்கப்பட்டன. சின்னத்தைக் கொண்டு வரலாறு தேடுவோர் இச்செய்தியை மறக்கலாகாது. தொப்பியில் ஒன்றுமில்லாத ஓர் இந்திய வீரரின் படம் கிடைத்தால், சின்னம் அணியாதவரா, கழற்றி நெருப்பில் இட்டவரா என்று கேட்கவேண்டியிருக்கிறது.

1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். 4ஆம் நாள் கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திரக் கழகத்தின் தலைமையை ஏற்றார். 5ஆம் நாள் பாடாங்கில் படையைப் பார்வையிட்டார். அதன் பின்னர்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் பொதுமக்கள், அவர்களுள் பெருந்தொகையான தமிழர்கள், படையில் சேரத் தொடங்கினர். அதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டறியாதவர்கள் அவர்கள். ஆகவே மகுடமற்ற சின்னத்தோடு காக்கியில் நிற்கும் மலாயாத் தமிழர் ஒருவரின் படம் 1943இன் பிற்பகுதிக்கோ அதற்குப் பின்னரோ உரியதாக இருக்கும் வாய்ப்பே மிகுதி. பிரிட்டிஷார் விட்டுச்சென்ற துணியும் சீருடையும் பயன்பட்டமையால் உடையை மட்டும் கொண்டு முடிவுக்கு வர இயலாது. சின்னத்தில் எழுத்து தெரிந்தால் அது ரோமன் எழுத்தில் எழுதிய இந்துஸ்தானியா என்று பார்க்கவேண்டும். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனப் பொருள்படும் இத்தபாக், இத்மத், குர்பானி என்ற மூன்று சொற்கள் அப்படையின் முழக்கமாக விளங்கின.

பெண்களின் படங்களில் உடையே நாட்காட்டியாகிறது. 1943 ஜூலை 12 அன்று போஸ் மகளிர் கூட்டத்தில் பேசியபோது, டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் ஏற்பாடு செய்திருந்த பெண்கள் சேலை உடுத்தித் துப்பாக்கி ஏந்தி மரியாதை செலுத்தினர். ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் வாட்டர்லூ ஸ்திரீட்டில் அக்டோபர் 22ஆம் நாள் திறக்கப்பட்டது. சீருடையும் தொப்பியும் அணிந்து அணிவகுக்கும் படங்கள் அதையொட்டிய காலத்தவை. சேலையோடு துப்பாக்கி என்றால் ஜூலை. காற்சட்டையும் தொப்பியும் என்றால் பிற்பாடு. இவ்விரண்டையும் ஒரே நிகழ்வாகக் குறிப்பெழுதுவது வரலாற்றின் மிகச் சுவையான மூன்று மாதங்களைத் துடைத்துவிடுவதாகும்.

பாயும் புலிச் சின்னம் மிகுந்த குழப்பம் விளைவிப்பது. மூவண்ணக் கேடயத்தில் பாயும் புலியும், அதன் மேல் ஜெர்மன் மொழியில் ‘சுதந்திர இந்தியா’ என்ற சொற்களும் உள்ள கைச்சின்னம், ஜெர்மனியில் அமைந்த இந்தியப் படையணிக்கு உரியது. வட ஆப்பிரிக்கப் போர்முனையில் சிறைப்பட்ட இந்தியர்கள் அதில் இருந்தனர். அப்படையணியின் படங்கள் சிங்கப்பூர்ப் படங்களாகச் சில வெளியீடுகளில் இடம்பெறுகின்றன. புலியைக் கண்டதும் முடிவுகட்டாமல், அதன் மேலுள்ள எழுத்தையும், வீரர்களின் பின்னே தெரியும் மரங்களையும் பாருங்கள். தென்னையும் ரப்பரும் ஐரோப்பாவில் வளர்வதில்லை.

பிற படைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆஸ்திரேலியர் தொப்பியிலும் கழுத்துப்பட்டையிலும் உதயசூரியச் சின்னம். மான்செஸ்டர் ரெஜிமெண்டுக்கு லில்லி மலர். கார்டன் ஹைலாண்டர்களுக்குக் கலைமான் தலை. கூர்க்காக்களுக்குக் குறுக்காக வைத்த குக்ரிக் கத்திகள். ஜப்பானியத் தரைப்படைத் தொப்பியில் ஐந்துமுனை நட்சத்திரம், கடற்படைத் தொப்பியில் நங்கூரம். ஜப்பானியத் தரைப்படையின் பதவிச் சின்னம் 1938இல் தோளிலிருந்து கழுத்துப்பட்டைக்கு மாறியது. எனவே இங்கு எடுத்த படங்களில் கழுத்தையே நோக்கவேண்டும். பள்ளிகளுக்கு ஒரு யோசனை: கிராஞ்சி போர்க் கல்லறையின் நடுகற்களில் ரெஜிமெண்ட் சின்னங்கள் தெளிவாகச் செதுக்கப்பட்டுள்ளன. மங்கிய படத்தோடு அங்கே ஒரு காலைப்பொழுது நடந்தால், நூலகத்தில் ஒரு வாரம் தேடினாலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

புகைப்படமே நம்மை ஏமாற்றவும் செய்யும். படச்சுருளைப் புரட்டி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகும். படகு வடிவத் தொப்பி வழக்கமாக வலப்புறம் சாய்த்து அணியப்படும். சின்னம் இடப்புறம் இருக்கும். பதக்கப் பட்டைகள் இடது மார்பில் இருக்கும். இவை மாறியிருந்தால் படம் புரண்டிருக்கிறது. நிறமும் அப்படியே. அக்காலத்தில் வழங்கிய சிலவகைப் படச்சுருள்கள் சிவப்பைக் கருமையாகவும் நீலத்தை வெளிறியதாகவும் காட்டின. மூவண்ணத்தின் காவிப் பட்டை அவற்றில் கருத்துத் தோன்றும். ‘கறுப்புக்கொடி’ என்று எழுதிவிடுவது எளிது. இக்காலத்தில் வேறொரு பொறியும் சேர்ந்திருக்கிறது. மங்கிய படத்தைக் கூர்மையாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள், தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்புகின்றன. அவை வரைந்து தரும் மகுடமோ புலியோ 1943ஆம் ஆண்டுக்கு உரியதன்று. மூலப்படத்தை உயர் துல்லியத்தில் வருடி, உருப்பெருக்கிப் பார்ப்பதே முறை.

1945 செப்டம்பர் 5 அன்று 5ஆம் இந்திய டிவிஷன் சிங்கப்பூரில் கரையிறங்கியது. இந்தியர்களே மீண்டும் வந்தனர். ஆனால் 1942இன் காக்கிக்கு மாறாக இப்போது காட்டுப் பச்சைச் சீருடை. அவர்கள் தோளில் கறுப்புச் சதுரத்தில் சிவப்பு வட்டம். மேலே சொன்ன படச்சுருளில் அது வெறுங் கறுப்புச் சதுரமாகவே தெரியும். அதே ஆண்டு ஜூலை 8 அன்று எஸ்பிளனேடில் போஸ் அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தைத் திரும்பிவந்த பிரிட்டிஷார் செப்டம்பரிலேயே தகர்த்தனர். முன்னாள் வீரர்கள் விசாரிக்கப்பட்டு வெள்ளை, சாம்பல், கறுப்பு என வகைப்படுத்தப்பட்டனர். அத்தகைய நாட்களில் மகுடமற்ற தொப்பியோடு உள்ள புகைப்படம் வீட்டில் இருப்பது, ஒருவர் தமக்கு எதிராகத் தாமே வைத்திருக்கும் சாட்சியம். இன்று நம்மிடம் எஞ்சியுள்ள படங்களைப் பார்க்கையில் எஞ்சாதவற்றின் தொகையையும் எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

சின்னம் நம்மைப் படைப்பிரிவு வரை அழைத்துச்செல்லும், ஆளிடம் அழைத்துச்செல்லாது. ஜான்சி ராணிப் படையில் பெரும்பான்மையோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். அவர்களின் அணிவகுப்புப் படங்களில் அதிகாரிகளின் பெயர்கள் குறிக்கப்பட்டுள்ளன; பின்வரிசையில் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் பெயரில்லை. அப்பெயர்கள் எங்கேனும் இருக்குமானால், வீடுகளில் உள்ள படங்களின் பின்புறத்தில், யாரோ ஒருவர் தமிழில் பென்சிலால் எழுதிய வரியில்தான் இருக்கும். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல், ஒட்டு தளர்ந்த மூலையை மெல்லத் தூக்கி முதலில் அதைப் படியுங்கள். தொப்பியை அதன்பின் பார்க்கலாம்.