பூஞ்சை இனத்துக்குத் திரும்பிய மைக்ரோஸ்போரிடியா: மரபணு வரிசைச் சான்றின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியப் பட்டுத்தொழிலைப் பெப்ரின் நோய் நிலைகுலையச் செய்தது. நோயுற்ற பட்டுப்புழுக்களில் காணப்பட்ட நுண்ணுயிரிக்கு 1857இல் நொசிமா பாம்பிசிஸ் எனப் பெயரிட்ட கார்ல் நேகெலி, அதனைச் சைசோமைசீட்ஸ் என்னும் பூஞ்சைப் பிரிவில் சேர்த்தார். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கலந்து கிடந்த பிரிவு அது. ஆகவே இதனைத் தீர்க்கதரிசனம் எனக் கொள்வது மிகை. 1882இல் பால்பியானி இவ்வகை உயிரிகளை மைக்ரோஸ்போரிடியா எனத் தனித்துப் பிரித்தார். பின்னர் நெடுங்காலம் இவை ஓரணு விலங்குகளாகவே கருதப்பட்டன.

இவற்றில் மைட்டோகாண்ட்ரியா காணப்படாமை பெரிதும் கவனிக்கப்பட்டது. அவ்வுறுப்பு தோன்றுவதற்கு முன்பே பிரிந்த தொல்லுயிரிகள் இவை என்னும் கருத்தைக் கேவலியர்-ஸ்மித் 1983இல் முன்வைத்தார். 1987இல் வோஸ்பிரிங்க், ஊஸ் முதலியோர் வெளியிட்ட ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசை ஆய்வும் அதற்கு அரணாயிற்று. உட்கருவுடைய உயிர்களின் கிளைமரத்தில் மைக்ரோஸ்போரிடியா அடிமரத்தை ஒட்டியே நின்றது.

அம்முடிவு பிழையானது. வரிசையைப் படித்ததில் தவறில்லை. அதிலிருந்து உறவைக் கணித்த முறையே வழுவியது. ஒட்டுண்ணி வாழ்வில் இவற்றின் மரபணுக்கள் மிக விரைந்து மாறியுள்ளன. விரைந்து மாறிய வரிசைகள், உறவு இல்லாதபோதும், கிளைமரத்தில் நீண்ட கிளைகளாய் ஒன்றையொன்று ஈர்க்கும். இத்தகைய திரிபு நேரக்கூடும் என்பதை ஃபெல்சென்ஸ்டைன் 1978இலேயே நிறுவியிருந்தார். ஆயினும் உருவமைப்புச் சான்றும் வரிசைச் சான்றும் ஒரே முடிவைக் காட்டியமையால் ஐயம் வலுப்பெறவில்லை.

திருத்தமும் வரிசைகளிலிருந்தே வந்தது. 1996இல் டியூபுலின் புரத மரபணுக்களை ஒப்பிட்ட இரு ஆய்வுகள் மைக்ரோஸ்போரிடியாவைப் பூஞ்சைகளோடு இணைத்தன. மறு ஆண்டு, மைட்டோகாண்ட்ரியா வழிவந்த வெப்ப அதிர்ச்சிப் புரத மரபணு இவற்றில் கண்டறியப்பட்டது. 2002இல் அவ்வுறுப்பின் எச்சமே நுண்ணோக்கியில் தென்பட்டது. தொன்மை எனக் கருதப்பட்ட எளிமை உண்மையில் இழப்பின் விளைவு. 2001இல் வெளியான என்செஃபாலிட்டோசூன் குனிகுலியின் முழு மரபணுத்தொகுதி ஏறத்தாழ 29 இலட்சம் காரஇணைகளே கொண்டது என்பதும் இதற்கு இசைவானது.

2013இல் ரோசெல்லா என்னும் ஒட்டுண்ணியின் மரபணுத்தொகுதி, மைக்ரோஸ்போரிடியாவின் நெருங்கிய உறவினரை இனங்காட்டியது. எனினும் இவ்விரண்டையும் பூஞ்சை எல்லைக்குள் வைப்பதா, அதன் வாயிலில் நிறுத்துவதா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. பெயரிடலிலோ நிலை இன்னும் விந்தையானது: பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு மைக்ரோஸ்போரிடியாவை வெளிப்படையாக விலக்கியுள்ளது, அவற்றின் பெயர்கள் இன்றும் விலங்கியல் விதிகளின்படியே அமைகின்றன.