பந்தயப் பிரியரின் தேன்கூடு

2005ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் சென்றிருந்தேன். ஹரோவில் வசிக்கும் என் தமக்கையின் மகன் தன் வீட்டுக் கராஜில் ஒரு காரைக் கட்டிக்கொண்டிருந்தான். பற்றுவைத்த இரும்புக் குழாய்ச் சட்டம், பழைய காரொன்றிலிருந்து கழற்றிய ரோவர் எஞ்சின், மேலே அலுமினியத் தகடு. கதவும் இல்லை, கூரையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் தடத்தில் ஓடவும், மற்ற நாட்களில் வீதியில் செல்லவும் அது வேண்டுமாம்.

"எல்லாம் முடிஞ்சுது மாமா, இது ஒன்றுதான் உயிரை எடுக்குது" என்று அவன் காலால் தட்டிக் காட்டியது, சப்பாத்துப் பெட்டியளவு உருக்குக் கலம் ஒன்றை. கற்றலிற்றிக் கொன்வேற்றர். நம் பாடநூல்களின் தமிழில் ஊக்கி மாற்றி.

அந்தக் கலத்தை உலகுக்குத் தந்தவரும் ஒரு பந்தயப் பிரியர்தான் என்பதை நான் பின்னர் படித்தபோதுதான் அறிந்தேன். அதைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

முதலில் வீட்டில் கட்டும் காரின் கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் முழுமையான புதுக் காருக்குக் கொள்வனவு வரி உண்டு. உதிரிகளாக விற்றால் இல்லை. இளைஞர்கள் இந்த இடைவெளிக்குள் புகுந்தார்கள். 1939இல் தொடங்கப்பட்ட 750 மோட்டார் கழகம், பழைய ஒஸ்ரின் செவன் கார்களை உருமாற்றி ஓட்டும் எளியவர்களுக்கான பந்தயங்களை நடத்தியது. அந்த வட்டத்தில் வளர்ந்த கொலின் சப்மன், 1957இல் லோட்டஸ் செவன் காரை அறிமுகப்படுத்தினார். உதிரிகளை வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வரும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். கேட்கச் சுவையான கதை. அக்கால வரிச்சட்டத்தை அறிந்தவர்கள் நம்பவே செய்வார்கள். 1973இல் பெறுமதிசேர் வரி வந்து அந்தச் சலுகையை விழுங்கியது. அதே ஆண்டில் செவனின் உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்துக்குப் போயிற்று. 1996இல் ரொன் சம்பியன் என்ற ஆசிரியர், 250 பவுண் செலவில் இத்தகைய காரொன்றைக் கட்டுவது எப்படி என நூலெழுதியதும், கராஜ்களில் மீண்டும் பற்றுவைப்புப் பொறி பறந்தது. என் மருமகன் அந்த அலையின் பிள்ளை.

இனிக் கலத்தின் கதை. யூஜின் ஹூட்ரி 1892இல் பாரிசுக்கு அருகே பிறந்தவர். உருக்குத் தொழிலதிபரின் மகன். முதல் உலகப் போரில் தாங்கிப் படையில் காயமுற்றவர். போர் முடிந்ததும் பந்தயக் கார்களில் மனத்தைப் பறிகொடுத்தார். 1922இல் அமெரிக்கா சென்று இண்டியானாபொலிஸ் பந்தயத்தைப் பார்த்துத் திரும்பினார். எஞ்சின் வேகமாக ஓட நல்ல பெற்றோல் வேண்டும் என்ற எண்ணம் அவரை இரசாயனத்துக்கு இழுத்தது. கனமான எண்ணெயைக் களிமண் வகை ஊக்கியொன்றால் உடைத்து உயர்தரப் பெற்றோல் எடுத்தார். 1937இல் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக்கில் சன் எண்ணெய்க் கம்பனி அம்முறையில் பெரிய ஆலையை இயக்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களுக்கு வேண்டிய பெற்றோலில் பெரும்பகுதி இம்முறையால் வந்தது.

அவ்வளவு பெற்றோலை உலகுக்கு ஊற்றிய மனிதர், முதுமையில் அதன் புகையை எண்ணிக் கவலைப்பட்டார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மூச்சுமுட்டும் பனிப்புகைக்கு வாகனப் புகையும் காரணம் என்பதை 1950களின் தொடக்கத்தில் ஹாகன் ஸ்மிட் என்ற விஞ்ஞானி காட்டியிருந்தார். ஹூட்ரி மீண்டும் ஊக்கியையே கையிலெடுத்தார். எஞ்சினிலிருந்து வெளிவரும் நச்சுக்களை வழியிலேயே எரித்துவிடும் கலத்துக்கு 1956இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அது சாலைக்கு வரவில்லை. காரணம் ஈயம். எஞ்சின் தட்டுவதைத் தடுத்து வலுவைக் கூட்டுவதற்கென்று 1921இல் மிட்ஜ்லி கண்டுபிடித்த ஈயச் சேர்மம் உலகப் பெற்றோலெங்கும் கலந்திருந்தது. அந்த ஈயம் ஊக்கியின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. வேகத்தின் மீதான மோகம் பெற்றோலில் கலந்த நஞ்சே, வேகத்தை நேசித்த ஒருவரின் பரிகாரத்தை முடக்கியது. 1962இல் அவர் காலமானார்.

1970ஆம் ஆண்டு அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் பின்னரே, 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் இக்கலம் வந்தது. ஈயமற்ற பெற்றோலும் கூடவே வந்தது. எங்கள் இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 வரை நீடித்தது. உலகில் கடைசி நாடான அல்ஜீரியா அதைக் கைவிட்டது 2021இல்.

கலத்தினுள் இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான். அதன் நுண்துளைச் சுவர்களில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகியவை பூசப்பட்டிருக்கும். காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறும். நைதரசன் ஒட்சைட்டு நைதரசனாகும். ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறைப்படி 14.7 பங்கு காற்று என்ற விகிதம் நிலைத்தால்தான் மூன்றும் ஒருங்கே நிகழும். அதைக் காக்க, புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் லம்டா உணரியும் கணினியும் வேண்டும். பழைய கார்பரேற்றரால் இயலாத காரியம்.

பிரித்தானியாவில் 1998இல் தனிவாகன அனுமதிச் சோதனை கட்டாயமானபோது, எஞ்சினின் வயதைப் பார்த்தே புகை அளவை நிர்ணயித்தார்கள். பழைய எஞ்சின் என்று நிரூபிப்பவருக்குக் கலம் தேவையில்லை. மருமகனின் எஞ்சின் 1997இல் செய்யப்பட்டது, தப்ப வழியில்லை.

பொருத்துவதில்தான் சங்கடம். தாழ்வான காரின் அடியில் வைத்தால் வீதி மேட்டில் மோதிப் பீங்கான் நொறுங்கும். பக்கத்தில் வைத்தால் இறங்குபவரின் காலைச் சுடும். எஞ்சினுக்குத் தூரமாக வைத்தால் வேலைதொடங்கும் வெப்பமான ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டத் தாமதமாகும். மிக அருகில் வைத்தாலோ, பந்தய வேகத்தில் எரியாத பெற்றோல் உள்ளே எரிந்து தேன்கூடே உருகக்கூடும். அவன் பக்கவாட்டைத் தெரிந்து, மேலே துளையிட்ட தகட்டுக் கவசம் அடித்தான்.

முதற் சோதனையில் கார் தோற்றது. லம்டா 0.97க்கும் 1.03க்கும் இடையில் நிற்கவேண்டும், மேலே போயிற்று. கலத்தைக் குறைகூறி இரண்டு நாள் திட்டித் தீர்த்தான். கடைசியில் பார்த்தால், அவனே பற்றுவைத்த குழாய் இணைப்பில் ஊசிமுனை ஓட்டை. அதனூடாக வெளிக்காற்று புகுந்து அளவைக் கெடுத்திருக்கிறது. அடைத்தான், தேறியது.

வீதி அனுமதி கிடைத்த மறுமாதம், தடத்துக்குப் போகுமுன் கலத்தைக் கழற்றிவிட்டு வெறுங்குழாயைப் பூட்டினான். புகை தடையின்றிப் போனால் வலு கூடும் என்பது அவன் கணக்கு. வாயிலில் ஒலிமானியை வைத்துப் பார்த்தவர் தலையாட்டவில்லை. இரைச்சல் எல்லை மீறியிருந்தது. புகையை வடிக்கும் தேன்கூடு சத்தத்தையும் சற்று விழுங்குகிறது என்பதை அவன் கணக்கில் எடுக்கவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் மழைத்தூறலில் மல்லாந்து கிடந்து, அவன் கலத்தை மறுபடி பூட்டி முடித்தபோது மத்தியானமாகிவிட்டது. நான் குடைபிடித்துக்கொண்டு நின்றேன்.