விதை ராகியைப் பொறுக்கியவர்கள்

கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் இருக்கும் குருபரப்பள்ளியில் இன்று பெண்களை வேலைக்கு ஏற்றிச் செல்வது கம்பெனி வேன். ஆனால் அந்த வட்டாரம் ராகி பூமி. அறுவடையின்போது நல்ல கதிர்களைத் தனியே கொய்து, அடுத்த விதைப்புக்கு எடுத்துவைப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. பயிர்ப் பெருக்கத்தில் இதற்குப் பெயர் 'தேர்வு'. ராகிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். எனவே பொறுக்கிய கதிரின் குணம் பெரும்பாலும் மாறாமல் அடுத்த தலைமுறைக்கு வரும்.

மரபியலின் வரலாற்றை நாம் மெண்டலிடமிருந்து படிக்கிறோம். 1856 முதல் மடாலயத் தோட்டத்தில் பட்டாணியை வளர்த்துப் பார்த்தவர் அவர். நெட்டையையும் குட்டையையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அடுத்த தலைமுறையின் 1064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. குட்டைக் குணம் மறைந்திருந்ததே தவிர அழியவில்லை. ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒரு காரணி, தந்தையிடமிருந்து ஒரு காரணி வருகிறது. ஒன்று மற்றொன்றை மறைக்கலாம். பெண் நிலம், ஆண் விதை என்று சொல்லிவந்த சமூகத்துக்கு இது சிறிய செய்தியல்ல. தாயின் பங்கு சரிபாதி.

இந்த விதி ராகிக்கும் பொருந்துவதைக் கோயம்புத்தூரில் காட்டினார்கள். 1923இல் அங்கே சிறுதானிய ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பொறுப்பில் இருந்தவர் ஜி. என். ரங்கசாமி அய்யங்கார். ராகிப் பூ மிகச் சிறியது, கையால் கலப்பது கடினம். ஆகவே இரண்டு செடிகளின் கதிர்களைச் சேர்த்துக் கட்டி, ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் விழச் செய்தார். ஊதா நிறம் பச்சையை மறைக்கும் குணம். பச்சைத் தாயின் விதையில் ஊதா நாற்று முளைத்தால், அது கலப்பில் பிறந்தது.

ஆனால் ஆராய்ச்சி நிலையங்கள் கைவைத்த ராகி எங்கிருந்து வந்தது? உழவர் வயல்களில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிக் காத்த நாட்டு ரகங்களிலிருந்து. புதிய ரகங்களுக்கோ கோயம்புத்தூரின் 'கோ'வும் ஓர் எண்ணும் பெயராயின. பொறுக்கிய கைகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

2001இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், ரகங்களைக் காத்த உழவருக்கும் உரிமை உண்டு என்கிறது. அவர்கள் காத்த ரகத்தை அவர்கள் பெயரிலேயே பதியலாம். பட்டா கணவர் பெயரில், விதைப் பானை மனைவி பொறுப்பில் இருக்கும் வீட்டிலிருந்து ஒரு விண்ணப்பம் போனால், 'உழவர்' என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவார்கள்?