துப்பறியும் நாவலும் பம்பலப்பிட்டி வழக்கும்

துப்பறியும் நாவலின் அமைப்பு வாசகர் யாவரும் அறிந்ததே. ஒரு கொலை நிகழும். பொலிஸ் அதிகாரி அவசரப்பட்டுக் குற்றமற்ற ஒருவரைக் கைது செய்வார். அவ்வேளையில் உத்தியோகமோ அதிகாரமோ இல்லாத ஒருவர் அங்கு வந்து சேர்வார். பிறர் காணாத ஒரு தடயத்தைக் காண்பார். இறுதி அத்தியாயத்தில் அனைவரையும் ஓர் அறையில் கூட்டி, உண்மைக் குற்றவாளியைச் சுட்டிக் காட்டுவார். குற்றவாளியும் மறுக்க வழியின்றி ஒப்புக்கொள்வான். படிக்குங்கால் இது இனிக்கிறது. ஆயினும், இது நடக்கக் கூடியதுதானா என்ற ஐயம் புத்தகத்தை மூடிய பின்னர் எழுவது இயல்பு.

தமிழில் இவ்வகை நாவலுக்கு ஆதியில் வாசகரைத் திரட்டியவர்கள் ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் முதலியோர். மேனாட்டுக் கதைகளின் சாயலை அவர்கள் தமிழ் மண்ணில் பதித்தனர். பின்னர், ஆனந்த விகடனில் எழுதிய தேவன், சாம்பு என்னும் பாத்திரத்தைப் படைத்தார். வங்கியில் குமாஸ்தாவாயிருந்த சாம்புவுக்குக் கூரிய அறிவு கிடையாது. தற்செயலாக அவன் செய்யும் ஏதோ ஒன்று குற்றவாளியைக் காட்டிக் கொடுக்க, உலகம் அவனை மேதை என்று கொண்டாடும். இது நகைச்சுவையே. எனினும், பயிற்சியற்ற ஒருவர் வெற்றி பெறுவதற்குப் பெரும்பாலும் அதிர்ஷ்டமே காரணமாகும் என்ற உண்மையைத் தேவன் மறைக்கவில்லை.

ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டொயில் இத்துணை வெளிப்படையாக இருக்கவில்லை. 1891ஆம் ஆண்டில் வெளியான ஹோம்ஸ் கதையொன்றில் இலங்கையின் பெயரும் அடிபடுகின்றது. திருகோணமலையில் அட்கின்ஸன் சகோதரர்க்கு நேர்ந்த விபரீதத்தின் மர்மத்தை ஹோம்ஸ் துலக்கினார் என்று ஒரு வரியில் சொல்லிக் கதை மேலே சென்றுவிடுகின்றது. அவருக்கு விசாரணை செய்ய அனுமதி கொடுத்தவர் யார், சாட்சிகளை அவர் எம்மொழியில் விசாரித்தார் என்ற வினாக்களுக்கு அங்கு இடமில்லை. நம்பகத்தன்மை சோதிக்கப்படுவதோ அத்தகைய வினாக்களிலேதான்.

அச்சோதனையை நடத்திப் பார்க்கக் கொழும்பின் வரலாற்றிலேயே ஒரு வழக்கு உண்டு. வெள்ளவத்தைக்கு அடுத்துள்ள பம்பலப்பிட்டியில், சென் அல்பன்ஸ் பிளேஸ் என்னும் ஒழுங்கையிலுள்ள வீடொன்றில், 1951 ஒக்டோபர் 9ஆந் திகதி ஒரு பெண்மணி கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். சடலம் மோட்டார்க் கொட்டகையில் இருந்தது. கழுத்தருகே கனத்த மர உரலொன்று காணப்பட்டது. அவருடைய கணவர் மகாதேவ சதாசிவம், 1947இல் சென்னை சேப்பாக்க மைதானத்தில் 215 ஓட்டங்கள் குவித்தவர். இலங்கைக் கிரிக்கெட் அணியின் தலைவராயிருந்தவர். அவர் கைது செய்யப்பட்டார். வீட்டு வேலையாள் நகைகளுடன் மறைந்திருந்தார். சில நாட்களில் பிடிபட்ட அவர், எசமானரே கொன்றார் என்றும் தாம் உடந்தையாயிருந்ததாகவும் கூறி, நிபந்தனையுடன் மன்னிப்புப் பெற்று, அரச தரப்புச் சாட்சியானார்.

ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? புகழ்பெற்ற கணவர், மறைந்த வேலையாள், மர உரல் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இந்த வீட்டுக்குள் அயலவர் ஒருவர் துப்பறியப் புகுந்திருப்பாரானால் என்ன செய்திருக்க முடியும்? பொலிசார் காவலிட்ட இடத்தில் அவருக்கு நுழைவில்லை. சடலத்தைப் பரிசோதிக்க உரிமையில்லை. வழக்கின் முடிச்சோ அவர் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றில் இருந்தது. கணவர் அன்று காலை ஏறத்தாழப் பத்தரை மணிக்கு வாடகைக் காரில் வீட்டை விட்டுச் சென்றவர். மரணம் அதற்கு முன் நேர்ந்ததா, பின் நேர்ந்ததா? உயிர் நீங்கிய உடலின் வெப்பம் எவ்வேகத்தில் தணிகின்றது என்பதைக் கொண்டே அதனைக் கணிக்க வேண்டியிருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகச் சட்ட மருத்துவப் பேராசிரியர் டி சேரம் போன்றோர் பல்லாண்டு பயின்ற துறை அது. அத்துறையிலும் வைத்தியர்கள் நீதிமன்றத்தில் ஒருமித்த கருத்துக் கூறவில்லை.

எதிரிக்காக வாதாடிய நியாயதுரந்தரர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. அவர் தரப்பில் சாட்சி சொல்ல எடின்பரோவிலிருந்து பேராசிரியர் சர் சிட்னி ஸ்மித் கொழும்புக்கு வந்தார். கொலை சமையலறையில் நடந்திருக்க வேண்டும், வேலையாளே அதனைச் செய்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இங்கே ஒரு பொருத்தம் கவனிக்கத்தக்கது. ஹோம்ஸுக்கு மாதிரியாக அமைந்த வைத்தியர் ஜோசப் பெல், டொயிலுக்குப் பாடஞ் சொன்னதும் அதே எடின்பரோவில்தான். கதையில் ஒருவரது மேதையாகத் தோன்றியது, நாளடைவில் ஆய்வுகூடமும் அளவைகளும் கொண்ட ஒரு கலையாக வளர்ந்துவிட்டது. தனிமனிதத் துப்பறிவாளரின் இடம் அந்த அளவுக்குக் குறுகியது.

அப்படியானால் பயிற்சியற்றவருக்கு இதில் இடமே இல்லையா? உண்டு. கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள புதுக்கடை நீதிமன்றத்தில், நீதியரசர் கிராசியன் முன்னிலையில், 1953ஆம் ஆண்டில் 57 நாட்கள் நடந்த விசாரணையை முடித்து வைத்தவர்கள் ஏழு ஜூரிமார். சட்டமோ மருத்துவமோ அவர்களது தொழிலன்று. நிபுணர்கள் முரண்பட்ட இடத்தில் எவர் சொல் பொருந்துகின்றது என்று பொது அறிவைக் கொண்டு நிறுத்துப் பார்க்கும் பொறுப்பைச் சட்டம் அவர்களிடம் ஒப்படைத்தது. எதிரியின் உயிர் அவர்கள் கையில் இருந்தது. கொலைக் குற்றத்திற்கு அப்போது விதி தூக்குத் தண்டனை. நாளிதழ்களைப் படித்து வீதியில் தீர்ப்புக் கூறியவர்களுக்கு இல்லாத பாரம் அது. 1953 யூன் 25ஆந் திகதி, எதிரி குற்றவாளியல்லர் என்று எழுவரும் ஒருமனதாகக் கூறினர். ஏறத்தாழ 20 மாதம் மறியலில் இருந்த சதாசிவம் விடுதலையானார்.

நாவலின் இறுதி அத்தியாயம் இங்கு இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. உண்மைக் கொலையாளி இவர்தாம் என்று ஜூரிமார் எவரையும் சுட்டவில்லை. அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவுமில்லை. ஐயத்திற்கிடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று காண்பதோடு அவர்களது கடமை நிறைவெய்தியது.

டொயிலின் வாழ்க்கையும் இதனையே காட்டுகின்றது. பார்ஸி வமிசத்தவரான ஜோர்ஜ் எடால்ஜி என்னும் சட்டத்தரணி, கால்நடைகளைக் காயப்படுத்தினார் என்று 1903இல் இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்டார். டொயில் கண் வைத்தியம் பயின்றவர். எடால்ஜியின் மங்கிய பார்வையைக் கண்டதும், இவர் இருளில் வயல்களைக் கடந்து சென்று அச்செயலைப் புரிந்திருக்க முடியாது என உணர்ந்தார், பத்திரிகையில் எழுதினார். 1907இல் எடால்ஜிக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவப்பட்டது. ஆனால் டொயில் அத்துடன் நில்லாது வேறொருவரைக் குற்றவாளி என்று சுட்டினார். அதற்கு அவர் காட்டிய ஆதாரத்தை அதிகாரிகள் ஏற்கவில்லை. ஐயம் எழுப்பியபோது வென்றவர், குற்றஞ் சாட்டியபோது வெல்லவில்லை.

ஆகவே, உத்தியோகமற்ற ஒருவர் துப்பறிவதாகக் கதை எழுதுவோர் இவ்வெல்லையை மனத்திற் கொள்வது நன்று. எல்லாரும் நம்பிய ஒன்றை அவர் நம்ப மறுக்கலாம், தாம் அறிந்த தொழில் நுணுக்கத்தால் ஒரு சாட்சியத்தின் ஓட்டையைக் காணலாம், குற்றமற்றவரைக் காக்கலாம். இவை நடந்தவை, ஆதலால் நம்பத்தக்கவை. ஆயினும் ஒருவர்மீது விரல் நீட்டுமுன், புதுக்கடையில் அந்த எழுவர் 57 நாட்கள் காட்டிய பொறுமையை அக்கதாநாயகரும் காட்டுதல் வேண்டும்.