போகம்பரைத் துயரம்: கதையும் வரலாறும்

கண்டி நகருக்குக் கிழக்கே சில மைல் தொலைவில், மகாவலி கங்கையின் கரையில் அமைந்துள்ளது குண்டசாலை. 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கே மாளிகை அமைத்து வாழ்ந்தான். அதனால் மக்கள் அவனைக் குண்டசாலை மன்னன் என்றே வழங்கினர். மதுரையிலிருந்து வந்த பட்டத்தரசியின் வயிற்றில் அவனுக்கு வாரிசு இல்லை. வேறொரு மனைவியிடம் பிறந்த உனம்புவே என்பவனுக்கு முடிசூடும் குலத்தகுதி இல்லையெனக் கொள்ளப்பட்டது. எனவே அரசியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரோடு அரியணை ஏறினான். கண்டியில் நாயக்கர் ஆட்சி தொடங்கியது இவ்வாறே. அது படையெடுப்பால் வந்ததன்று. அரச குலத்தோடுதான் மணவுறவு என்ற கண்டியின் சொந்த மரபும், பிரதானிகளின் இசைவுமே அதனைக் கொண்டுவந்தன. கதையை இங்கிருந்து தொடங்குவது அவசியம். ஏனெனில், இதன் முடிவைச் சொல்வோர் பெரும்பாலும் தொடக்கத்தைச் சொல்வதில்லை.

முடிவு எல்லோரும் அறிந்ததே. நாயக்க மரபின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1798இல் அவனை அரியணையில் இருத்தியவன் மகா அதிகாராக விளங்கிய பிலிமத்தலாவ. கைப்பாவையாக இருப்பான் என்று எண்ணப்பட்ட இளைஞன் அவ்வாறு இருக்க மறுத்தான். பிலிமத்தலாவ சதி செய்து, பிடிபட்டு, தலை இழந்தான். அவனுக்குப் பின் மகா அதிகாரானவன் எஹெலப்பொல. அவனும் சப்பிரகமுவையில் மன்னனுக்கு எதிராகக் கிளர்ந்தான், கிளர்ச்சி தோற்றது, அவன் கொழும்பில் இருந்த ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். 1814ஆம் ஆண்டு மே மாதத்தில், கண்டியிலே இருந்த அவனுடைய மனைவியும் மக்களும் மன்னன் ஆணையால் கொல்லப்பட்டனர்.

வழிவழியாக வரும் கதை பின்வருமாறு கூறும். மக்கள் கூட்டத்தின் முன்னிலையில் பிள்ளைகள் நிறுத்தப்பட்டனர். மூத்தவன் அஞ்சித் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டான். ஒன்பது வயதேயான மத்துமபண்டார முன்வந்து, அண்ணனுக்குத் தைரியம் கூறி, தன் கழுத்தை நீட்டினான். கைக்குழந்தைக்கும் இரக்கம் காட்டப்படவில்லை. வெட்டுண்ட தலைகளை உரலிலிட்டு இடிக்குமாறு தாய் பணிக்கப்பட்டாள். இறுதியில் அவள் போகம்பரை வாவியில் ஆழ்த்தப்பட்டாள். சிங்களச் சிறுவர்கள் மத்துமபண்டாரவைத் தேசத்தின் வீரச் சிறுவனாகப் போற்றுகின்றனர். இக்கதை மேடையேறியது, 2014இல் 'எஹெலப்பொல குமாரிஹாமி' என்ற பெயரில் திரைப்படமாகவும் வந்தது.

ஒரு குடும்பம் படுகொலை செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. அக்கொடுமைக்குச் சமாதானம் கூற நாம் முன்வரவில்லை. குற்றமற்ற குழந்தையைக் கொன்ற எந்த அரசுக்கும் வரலாற்று மன்றத்தில் வக்காலத்து வாங்குதல் தகாது. ஆயினும் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: இத்துயரம் எத்தகைய வார்ப்பில் வார்க்கப்பட்டு நம்மை வந்தடைந்தது? அந்த வார்ப்பு எவருக்குப் பயன்பட்டது?

இந்நிகழ்ச்சியைப் பலரும் அறியச் செய்த நூல்களுள் முதன்மையானது ஜோன் டேவி என்ற ஆங்கிலப் படை மருத்துவர் 1821இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலாகும். டேவி இலங்கைக்கு வந்தது 1816இல். எனவே அவர் கொலையை நேரில் கண்டவரல்லர். இரண்டு ஆண்டுகளின் பின், ஆட்சி மாறிய பின், பிறர் வாய்மொழியாகக் கேட்டு எழுதியவர். அவரும் அவருடைய வாசகர்களும் எத்தகைய நாடகங்களைப் பயின்று வளர்ந்தவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்.

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தை நம் மாணவர் பலர் அறிவர். கொடுங்கோலன் ஒருவன் ஆள்கிறான். மக்டஃப் என்ற பிரபு அவனைவிட்டுப் பிரிந்து இங்கிலாந்துக்கு ஓடுகிறான். கோட்டையிலே தனித்திருந்த அவன் மனைவியும் மக்களும் கொல்லப்படுகின்றனர். சிறுவன் ஒருவன் கொலைஞன் முன் அஞ்சாது பேசுகிறான். மக்டஃப் ஆங்கிலப் படையோடு திரும்பி வருகிறான், கொடுங்கோலன் வீழ்கிறான், நாடு தூய்மை பெறுகிறது. எஹெலப்பொலவின் கதையும் இதே படிகளில் ஏறி இறங்குகிறது. வரலாற்று மக்பெத் ஸ்கொத்லாந்தை ஆண்டது 1040 முதல் 1057 வரை பதினேழு ஆண்டுகள். விக்கிரம ராஜசிங்கன் ஆண்டதும் பதினேழு ஆண்டுகளே. டேவி நாடகத்தைப் பார்த்து எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. உண்மை நிகழ்ச்சி ஒன்று, ஏற்கனவே தயாராயிருந்த கதைமரபுக்குள் எளிதாக அமர்ந்துகொண்டது என்பதே நாம் கூறுவது.

அக்கதைமரபும் அரசியல் அற்றதன்று. ஷேக்ஸ்பியருக்கு ஆதாரமான ஹொலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்க்கோ என்பவன் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அவன் மாசற்றவன். நாடகம் எழுந்த காலத்தில் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ், பாங்க்கோவின் வழித்தோன்றல் என்று கருதப்பட்டமை இம்மாற்றத்தை விளக்கும். அரியணையில் இருப்பவனுக்கு ஏற்பக் கதையின் கறை ஒருவனிடமிருந்து கழுவப்பட்டு மற்றொருவன்மேல் பூசப்படுகிறது.

கண்டியிலும் அதுவே நிகழ்ந்தது. 1815 ஜனவரியில் தேசாதிபதி பிரௌன்றிக் வெளியிட்ட போர்ப் பிரகடனம் மன்னனின் கொடுமைகளைப் பட்டியலிட்டு, மக்களை விடுவிக்கவே படை புறப்படுகிறது என்றது. பெப்ரவரியில் கண்டி வீழ்ந்தது. தும்பறைப் பகுதியின் மெதமஹநுவரவில் ஒளிந்திருந்த மன்னன் அம்மாதம் 18ஆம் நாள் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன் முதற் பிரிவுகள் மன்னனுடைய கொடுமையைக் கூறி, 'மலபார்' ஆட்சி முடிந்தது என்கின்றன. தென்னிந்தியத் தமிழரையும் அவரோடு சேர்ந்தோரையும் ஆங்கிலேயர் அக்காலத்தில் சுட்டிய பெயர் அது. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் அனுமதியின்றித் திரும்புதல் தண்டனைக்குரிய குற்றம் என்றும் ஒப்பந்தம் விதித்தது. ஒருவனது குற்றம் இங்கே ஓர் இனத்தின் குற்றமாக எழுதப்பட்டது. கதை சட்டமாயிற்று. அவ்வொப்பந்தத்திலே கண்டிப் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் கையொப்பமிட்டனர் என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

இவ்வார்ப்பு மறைத்தவை யாவை?

முதலாவது, பிணைமுறை. மாகாணங்களை ஆளச் சென்ற திசாவைமாரின் குடும்பங்கள் தலைநகரிலேயே இருத்தப்படுதல் கண்டியின் வழக்கம். பிரபு துரோகம் செய்தால் குடும்பம் பொறுப்புச் சொல்லவேண்டும். விக்கிரம ராஜசிங்கன் கண்டுபிடித்ததன்று இம்முறை. நிலப்பிரபுத்துவ அரசு தன் பிரபுக்களை நம்பமுடியாமையால் வளர்த்துக்கொண்ட ஏற்பாடு. மன்னனின் இரத்தத்திலே கொடுமை இருந்தது என்று கூறும் கதை, அந்த அரசமைப்பிலே கொடுமை இருந்தது என்ற உண்மையை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, எஹெலப்பொலவின் பங்கு. பிணைமுறையை அவன் அறியாதவனல்லன், அம்முறையால் உயர்ந்தவன். மனைவி மக்கள் கண்டியில் இருக்கக் கிளர்ச்சி செய்வதன் விளைவை அவன் உணர்ந்தே இருக்கவேண்டும். 'மக்பெத்' நாடகத்திலாவது, தன்னைக் கைவிட்டு ஓடிய கணவனை மக்டஃபின் மனைவி வாய்விட்டுக் கடிந்துகொள்கிறாள். நம் கதைமரபு குமாரிஹாமிக்கு அந்த உரிமையைக்கூட அளிக்கவில்லை. கணவனைக் குறைகூறும் ஒரு சொல்லும் அவள் வாயில் வைக்கப்படவில்லை. அவளுடைய கண்ணீர் முழுவதும் ஆங்கிலேயனின் நியாயத்துக்குச் சாட்சியாக மட்டும் பயன்பட்டது.

மூன்றாவது, ஆங்கிலேயரின் கை. தேசாதிபதி நோர்த்தின் காலத்திலேயே பிலிமத்தலாவயோடு இரகசியப் பேச்சு நடந்தது. பின்னர் சிங்களத்தில் வல்லவரான ஜோன் டொயிலி ஒற்றர் வழியாகக் கண்டியின் உட்பகையை ஒவ்வொரு நாளும் அறிந்து, பிரதானிகளோடு தொடர்பு வளர்த்தார். 1810 முதல் 1815 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு 1917இல் அச்சாகியுள்ளது, விரும்புவோர் படிக்கலாம். கொடுங்கோலனை வீழ்த்த வந்த மீட்பர், அவ்வரசின் மூட்டுக்களைப் பல ஆண்டுகளாகக் கழற்றிக்கொண்டிருந்தவரே. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 2017இல் இம்மன்னனைப் பற்றி எழுதிய ஆங்கில நூல், கொடுங்கோலன் என்ற படிமம் உருவாக்கப்பட்ட விதத்தை மீளாய்வு செய்கிறது.

வடபுலத்து நாடகம் வேறொரு வழியையும் காட்டியிருக்கிறது. 1855 ஜனவரி 2ஆம் நாள் நோர்வேயின் பேர்கன் நகரில் இளைஞரான இப்சன் எழுதிய 'எஸ்திரோத் சீமாட்டி இங்கர்' மேடையேறியது. களம் 1528ஆம் ஆண்டு. நோர்வே டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த காலம். இப்சன் எழுதிய காலத்திலோ நோர்வே சுவீடன் மன்னனின் கீழ் இருந்தது. தேசிய உணர்ச்சி பொங்கிய அவ்வேளையில், அந்நியனே தீயவன், நம்மவர் தூயவர் என்று எழுதியிருந்தால் கைதட்டல் எளிதாகக் கிடைத்திருக்கும். அவர் அவ்வாறு எழுதவில்லை. சூழ்ச்சிக்கார டேனியப் பிரபு ஒருவன் நாடகத்தில் வருகிறான். ஆனால் அழிவின் வேர் அவனல்லன். மக்களுக்குத் தலைமை தாங்கவேண்டிய நோர்வேச் சீமாட்டி, தான் மறைத்து வளர்க்கவிட்ட மகனை அரியணை ஏற்ற விழைகிறாள். அவனுக்குப் போட்டி என்று எண்ணி ஓர் இளைஞனைக் கொல்லச் செய்கிறாள். கொல்லப்பட்டவன் தன் மகனே என்பதைப் பின்னர் அறிகிறாள். நாட்டின் விடுதலையும் தன் குலத்தின் ஏற்றமும் ஒன்றே என மயங்கிய உயர்குடி, இரண்டையும் தன் கையாலேயே அழித்துக்கொண்டது.

எஹெலப்பொலவின் பிற்காலம் இப்சனின் பேனாவுக்குத் தகுந்தது. ஷேக்ஸ்பியரின் மக்டஃபுக்குக் கிடைத்த முடிவு அவனுக்குக் கிடைக்கவில்லை. முடியை எதிர்பார்த்தவனுக்கு ஆங்கில அரசின் நண்பன் என்ற பட்டம் கிடைத்தது. 1817-18இல் ஊவாவில் கிளர்ச்சி மூண்டபோது அந்த நண்பனும் சிறைப்பட்டான். 1825இல் மொரீசியஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829இல் அங்கேயே மாண்டான். குமாரிஹாமியின் உடன்பிறந்தவனான கெப்பெட்டிபொல, கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயரால் அனுப்பப்பட்டு, கிளர்ச்சியாளரோடு சேர்ந்தான். 1818 நவம்பர் 26ஆம் நாள் அதே போகம்பரையில் அவன் தலை வெட்டப்பட்டது. அவனுடைய மண்டையோடு எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டு, 1948இலேயே நாடு திரும்பியது. சித்திரவதையை ஒழித்தோம் என்று ஒப்பந்தம் எழுதியவர்களின் நாகரிகம் இது.

மன்னன் வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1832இல் அங்கே இறந்தான். தமிழராகிய நாமும் ஒரு மறுகதையை வளர்த்துக்கொண்டோம்: வஞ்சகரால் வீழ்ந்த தமிழ் மன்னன், குற்றமற்ற கண்டி ராஜா! இதுவும் அதே வார்ப்பின் மறுபக்கமே. நாயக்கர் தெலுங்கு வழிவந்தோர், தென்னாட்டுச் சைவப் பின்னணி உடையோர், பௌத்தத்தைப் புரந்தோர். 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதாவை மீட்டது அவர்களுள் ஒருவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் ஆட்சியே. இன்று நாம் வழங்கும் இனப்பெயர் எதுவும் அவர்களுக்கு முழுமையாகப் பொருந்தாது. கண்டி நகரின் அழகிய ஏரியை விக்கிரம ராஜசிங்கன் அமைத்தான் என்று பெருமை பேசுவோர், இராசகாரியத்தின்பேரில் கூலியின்றி அதனைத் தோண்டிய குடியானவனை மறந்துவிடுகின்றனர்.

அக்குடியானவனே இரு கதைகளிலும் இல்லாதவன். ஆயினும் டேவியின் குறிப்பிலே ஒரு கணம் அவன் தோன்றுகிறான். கொலைக்குப் பின் இரண்டு நாட்கள் கண்டியில் அடுப்பு மூட்டப்படவில்லை. ஊர் முழுவதும் ஒரே துக்க வீடாயிற்று என்று அவர் எழுதுகிறார். மன்னனுக்காகவோ அதிகாருக்காகவோ அந்த மக்கள் பட்டினி கிடக்கவில்லை, பிள்ளைகளுக்காகக் கிடந்தனர். இக்கதையில் நாம் போற்றத்தக்க நீதியுணர்வு அதுவே.

மலபாரைத் துரத்திய அதே ஆங்கிலேயர், 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்த் தொழிலாளரை அதே மலைகளுக்கு அழைத்து வந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகளை அந்நியர் என்றது. எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அந்நியன் என்ற சொல் அரண்மனைச் சண்டையில் தீட்டப்பட்ட கத்தி. அது வெட்டியதோ உழைப்பவனை.

குண்டசாலையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இன்று சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் வளர்கின்றனர். மத்துமபண்டாரவின் கதையை அவர்களிடமிருந்து மறைக்கவேண்டியதில்லை. அஞ்சாத அச்சிறுவன் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியவன். ஆனால் கதையைச் சொல்லும் ஆசிரியர், அவனைக் கொன்றது எந்த இனம் என்று வகுப்பைக் கேட்கவைக்கக் கூடாது. ஒரு குழந்தையைப் பிணையாக வைக்கும் அரசு எப்படி உண்டாயிற்று, அந்தப் பிணையை மறந்து முடி தேடும் தலைவன் எப்படி உண்டானான், இருவரையும் மோதவிட்டு நாட்டைக் கவர்ந்தவன் யார் என்று கேட்கவைக்கவேண்டும். இவ்வினாக்களுக்கு விடை தேடும் வகுப்பறையில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் எதிரெதிர் வரிசையில் அமரவேண்டிய தேவை இராது.